அது யாருடைய பெஞ்சு?

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் இரண்டாம் ஆராதனையில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாட்ஸாப் குரூப் வழியாகத் தெரிந்துவிட்டது. "யம்மா, இது நாங்க எப்பவும் உக்கார்ற இடம், கொஞ்சம் பின்னால போறீங்களா?" எழுப்பிவிட்ட அக்கா சொன்னது அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. புதிதாக வந்திருந்த அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். இரண்டாம் பாட்டு முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது பின்னாலும் இல்லை.

"இதுல என்னங்க இருக்கு?" என்று குரூப்பில் கேட்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே கோயிலில் இந்த மாதம் மட்டும் சபைப் புதுப்பித்தல் குழு மூன்று தடவை கூடியிருக்கிறது. டீ, வடையோடு. முடிவு? எல்இடி திரை, புது மிக்ஸர், வாலிபர்களுக்கு டிரம் செட். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாமாலைப் பாட்டு வரிகள் பளிச்சென்று தெரியும். வந்தவரை எழுப்பி அனுப்பிவிட்டு நாமே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். நமக்குத்தான் அதெல்லாம் ஏற்கெனவே மனப்பாடமாயிற்றே.

புதிதாக வருகிறவருக்கு உட்கார இடம் கொடுங்கள். புதுப்பித்தல் அங்கேதான் தொடங்குகிறது. இதற்குக் குழுவும் வேண்டாம், வடையும் வேண்டாம்.

"அந்த அக்காவுக்கு முட்டி வலி, ஃபேனுக்கு அடியில்தான் உட்கார முடியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். நான் காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தனுப்பியவர் அவர். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அது ஆறு பேர் உட்காரும் பெஞ்சு. உட்கார்ந்திருந்தது ஒரு பெண்ணும் நாலு வயதுக் குழந்தையும். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லியிருந்தால் ஃபேன் காற்று குறைந்தா போயிருக்கும்?

இன்னொருவர், "உள்விஷயத்தை முகநூலில் எழுதலாமா, நம் சாட்சி என்ன ஆகும்?" என்கிறார். வெளியாட்கள் முன் நம் பேர் என்ன ஆகும் என்று அர்த்தம். சாட்சி! சபைத் தேர்தலுக்கு அணி பிரித்து போஸ்டர் அடித்தபோது, கோர்ட்டுக்குப் போனபோது, போலீஸை வாசலில் நிறுத்தி ஓட்டு எண்ணியபோது இந்தச் சாட்சி லீவில் இருந்ததா? ஒரு வீட்டம்மா முகநூலில் நாலு பத்தி எழுதினால்தான் போய்விடுமா?

குளோரிந்தா அம்மாளைப் பற்றி மேடைக்கு மேடை உருகுகிறோம். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஆங்கில ராணுவ அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர் என்பதால் ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயரே முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அப்புறம் 1778-இல் கொடுத்தார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் மொத்தமே 40 பெயர்கள். முதல் பெயர் அவருடையது. 1785-இல் கோயிலும் கட்டிக் கொடுத்தார். வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பெண்ணால் வேர்விட்ட சபை இது. இன்றைக்கு அவர் வந்தால் எந்தப் பெஞ்சிலிருந்து எழுப்புவோம்?

கோயிலுக்குள் இடத் தகராறு நமக்குப் புதிதில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். அது கத்தோலிக்கர் கதை என்று நாம் சிரிக்க வேண்டாம். 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நம் புராட்டஸ்டண்ட் ஆட்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். அன்றைக்காவது சுவர் சுவராகக் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்குப் புதுமுகத்தைப் பார்த்ததும் "எந்த ஊரு?" என்கிறோம். ஊரைச் சொன்னால், "அங்க யார் வீடு?" எதைத் தெரிந்துகொள்ள இந்தக் கேள்வி என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் அசனத்துக்கு, அதான் கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, யார் வந்தாலும் இலை போடத் தெரிந்த ஜனம் நாம். அம்மா ஊரில் கோயிலுக்குள் பெஞ்சே கிடையாது, பாய்தான். பாயில் 'என் இடம்' என்று எதைக் காட்டுவது? நெருங்கி உட்கார்ந்தால் இன்னும் நாலு பேருக்கு இடம் வரும்.

2011-இல் இவருக்கு மாற்றலாகிச் சென்னை போனோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய கோயில். முதல் வாரம் "புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்கள். நின்றோம். எல்லாரும் கைதட்டினார்கள். உட்கார்ந்தோம். அதன்பின் ஆறு வாரம் ஒருவரும் பேசவில்லை. ஏழாவது வாரம் செருப்பு மாட்டும்போது ஒரு பாட்டி, "எந்த பஸ்ல போவீய? நானும் அந்தப் பக்கந்தான்" என்றார். எங்க ஊர்ப் பேச்சு. பஸ் ஸ்டாப் வரை அழுதுகொண்டே போனேன். அடுத்த எட்டு வருடம் அந்தக் கோயிலை விட்டு நாங்கள் நகரவில்லை என்றால் அந்த ஒரு பாட்டிதான் காரணம்.

டிரம்ஸ் இல்லாததால்தான் ஆட்கள் மாடிகளில் கூடும் சின்னத் தனிச் சபைகளுக்குப் போகிறார்களாம். என் சித்தி மகள் போனாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அங்கிருந்து ஒருத்தி மூன்று நாளும் கஞ்சி கொண்டுவந்தாள். நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். சபைச் சந்தா ரசீது புத்தகத்தோடு.

சந்தா என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்த அன்று, பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி என்று சொல்லிவிட்டார்கள். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு மகன் பணத்துக்கு அலைந்தான். உயிரோடு வந்தால் பெஞ்சில் இடமில்லை, செத்து வந்தால் மண்ணிலும் இடமில்லை. சரி, இதை இப்போது கிளறினால் "வாக்குவாதம் பண்ணுகிறாள்" என்பீர்கள்.

"குறை சொல்வதை விட்டுவிட்டு நீங்களே கமிட்டிக்கு நில்லுங்களேன்." நிற்கலாம். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை.

என் மகன் கோயிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அறைக்கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு நான் மட்டும் கிளம்புவேன். இந்த வாரம் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுக்குத்தான் என்னையும் கூப்பிட்டியாம்மா?" என்றான். பதில் வரவில்லை எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெஞ்சுக்கு அடியில் குழந்தையின் தண்ணீர் பாட்டில் கிடந்தது. நீலக் கலர், மூடியில் யானை ஸ்டிக்கர். என் வீட்டில்தான் இருக்கிறது. அவர்கள் மூன்று வாரமாக வருகிறார்கள் என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். பெயர் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. பாதிரியாரான ஐயருக்குத் தெரியவில்லை. புதுப்பித்தல் குழுவுக்கும் தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பாட்டிலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.