கதிரை தூக்க மட்டும் பொடியன்கள்

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன், அதற்கு வந்த கொமெண்டுகளுக்கும் சேர்த்துத்தான் இது.

'போதையற்ற கிராமம்' கூட்டம். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்மார், மாதர் சங்கம், கிராம சேவகர், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), பொலிஸில் இருந்து இரண்டு பேர். எல்லோரும் ஒன்றாகக் கூடியதைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஆனால் எந்தப் பொடியன்களைப் பற்றிப் பேசினோமோ, அவர்களில் ஒருவருக்கும் கதிரை இல்லை. காலையில் எண்பது கதிரையை இறக்கி அடுக்கியவர்கள் அவர்கள். பிறகு சோடா கொடுத்தார்கள். மிச்ச நேரம் சுவரோடு நின்றார்கள்.

கடைசியில் ஒரு தம்பி கேட்டான்: "பள்ளிக்கூடத்துக்கு முன்னால எங்களுக்கும் ஒத்தச் சிகரட் விக்கிறாங்களே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

மேடையிலிருந்து பதில்: "பெரியாக்கள் பேசுற இடத்தில உனக்கென்ன கதை? போய் வடையக் குடு."

எல்லோரும் சிரித்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தச் சிகரட் விற்கும் கடைக்காரர் முன் வரிசையில் இருந்தார். பேனருக்குக் காசும் அவர்தான்.

கேட்டதில் என்ன பிழை? 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட்டும் சாராயமும் விற்கக்கூடாதென்று 2006இல் சட்டம் வந்தது. அந்தத் தம்பி பிறக்க முதலே வந்த சட்டம். அதை அவன் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். பத்து வயதில் மாமா காசு தந்து கடைக்கு அனுப்புவார். கடை வாசலில் கயிறு ஒன்று புகைந்துகொண்டு தொங்கும், அதில் பற்றவைத்துக் கொண்டு வரவேண்டும். வழியில் அணையாமல் இருக்க இரண்டு இழுவை. அப்படித்தான் பழகினேன். என்னை மாற்றியது எந்தச் சொற்பொழிவும் இல்லை. எங்கள் கழகத்தின் கரப்பந்துக் கப்டன் ஒருநாள் என் வாய் மணத்தைப் பிடித்துவிட்டார். ஒன்றும் ஏசவில்லை. "நாளைக்கு விடிய அஞ்சரைக்கு வா மனே, நெற் கட்ட ஆளில்ல" என்றார். நெற் கட்ட வைத்தவர் ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டார், அதுதான் வித்தியாசம். உடனே விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் எடுத்தது.

சரி, கொமெண்டில் வந்தவர்களுக்கு. எனக்கும் கடைக்காரருக்கும் வேலிச் சண்டை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருந்தது. வேலியை அடைத்து மூன்று வருஷம். அது வேற, இது வேற. (கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கலாம், மறுக்கவில்லை.) பொலிஸ் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் இவ்வளவு நாளும் பார்த்ததைச் சொல்லட்டும்.

"எல்லாம் பெற்றோர் வளர்ப்பு" என்று எழுதியவருக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல இருக்கிறது. என் அக்காவின் மகன் போதைக் குளிசைக்குப் பழகினான். அக்கா எப்படி வளர்த்தாள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஊர்க் கண்ணில் படக்கூடாதென்று விடிய முதல் பஸ்ஸில் கிளினிக்குக் கூட்டிப் போவாள். கேட்டால் கல்லடியில் மாமிக்குச் சுகமில்லை என்பாள். இல்லாத மாமி. டொக்டர் என்ன குளிசை, எப்ப இருந்து என்று கேட்டார். ஊர் கேட்டது, இனி அவனுக்கு யார் பொம்பிள கொடுப்பான் என்று. அன்றைக்கு எந்தச் சங்கமும் அக்கா வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பேனரில் அதைப் போட இடமில்லை, பதினொரு பேரின் படம் போடவேண்டியிருந்தது. அந்தப் பேனர் இப்போது கடைக்கு முன்னால் வெயில் மறைப்பாகக் கட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

2004 சுனாமியன்று மட்டக்களப்பு நாவலடிப் பக்கம் ஓடிப்போய் உடல்களைத் தூக்கியதும் எங்களைப் போன்ற பொடியன்கள்தான். எனக்கு அப்போது பதினெட்டு. அன்றைக்கு ஒருவரும் உனக்கென்ன கதை என்று கேட்கவில்லை.

பெரியவர்களை அவமதிக்கிறேனாம். அவமதிக்கவில்லை, பொடியன்களையும் கூப்பிடுங்கள் என்கிறேன்.

அடுத்த கூட்டம் பௌர்ணமிப் போயாவுக்குப் பிறகு என்கிறார்கள். அந்தத் தம்பிக்கு முன் வரிசையில் இடம் போட்டால் நானும் வருகிறேன். கதிரை போதாதென்றால் என் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது, கால் கொஞ்சம் ஆடும். நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.