சேர்த்துக்கொண்ட பிறகு என்ன?

கல்லூரிகளில் பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய சம வாய்ப்பு மையங்கள் பெயரளவில்தான் நடக்கின்றன என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வது முழுக்கச் சரி. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அந்த மையமும், பாகுபாடு குறித்த புகார்களைக் கவனிக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012-லேயே விதி கொண்டுவந்தது. மூணாறு தேயிலைத் தோட்டங்களிலிருந்து கோட்டயம், எர்ணாகுளம் என்று படிக்க இறங்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

இவர்களுக்கு முதல் இடி ஜாதிச் சான்றிதழ். குடும்பம் 1950-க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். நாங்கள் குடியிருக்கும் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்டக் கம்பெனியுடையது. பட்டாவும் கிடையாது, வீட்டு வரி ரசீதும் கிடையாது. தாத்தாவோ பாட்டியோ கொழுந்து பறித்ததற்கான பழைய தோட்டப் பதிவைத் தேடி அப்பா வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். அதற்குள் சேர்க்கைத் தேதி முடிந்துவிடும். தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, சான்றிதழுக்கு ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் மொழி. தமிழ் வழியில் பத்தாவது முடித்த பெண்ணுக்குப் பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில். புரியாமல் அவள் பேசாமல் இருந்தால் மக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வகுப்பு தொடங்கும் முன் ஒரு மாதம் மொழிப் பயிற்சி கொடுங்கள், தமிழ் தெரிந்த சீனியர் ஒருவரைத் துணைக்கு விடுங்கள்.

உதவித்தொகை வரத் தாமதமானால் மெஸ் பில்லைக் காட்டி யாரையும் விடுதியை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். அது அரசு தர வேண்டிய பாக்கி, பிள்ளையின் கடன் இல்லை.