சுங்கச்சாவடியும் சாலைதான்

கனடாவின் மேற்கில் 1860களில் தங்க வயல்களுக்குப் போகப் போட்ட கரிபூ சாலையைப் பொறியியல் சாதனை என்று நான் படித்த ஒரு கட்டுரை கொண்டாடுகிறது. அதில் தவறில்லை. யேலிலிருந்து பார்க்கர்வில் வரை சுமார் 650 கிலோமீட்டர், பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறையை வெடிவைத்துத் தகர்த்துப் போட்ட பாதை. ஆனால் அந்தச் செலவை யார் சுமந்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லையே!

1858 நவம்பர் 19 அன்று கொட்டும் மழையில் லாங்லி கோட்டையில், அந்தச் சாலை பின்னால் வந்த பிரிட்டிஷ் கொலம்பியா பிரிட்டனின் குடியேற்றமாக அறிவிக்கப்பட்டது. 1864 ஜனவரி வரை அங்கே சட்டமன்றமே கிடையாது. ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் பிரகடனம் போட்டால் அதுதான் சட்டம். கையில் பணம் இல்லாததால், சாலையும் பாலமும் கட்டியவர்களுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் கொடுத்தார். ஒப்பந்ததாரர் ஜோசப் டிரட்ச் 1863இல் பிரேசர் ஆற்றின் மேல் அலெக்சாண்ட்ரா தொங்குபாலத்தைக் கட்டியது அப்படித்தான்.

ஒரு மாவு மூட்டையை நினைத்துப் பாருங்கள். கோவேறு கழுதை முதுகில் ஏறி, பாலத்தில் சுங்கம் கட்டி, மலைமேல் போய்ச் சேரும்போது அத்தனையும் அதன் விலையில் ஏறியிருக்கும். கடைசியில் கொடுப்பவன் குளிர்ந்த ஓடையில் தங்கத்துக்காக மண் அலசுகிற தொழிலாளி. அவனுக்கு ஓட்டுரிமை இல்லை.

அப்புறம், அந்தப் பள்ளத்தாக்கு நிலாகபமக் என்ற பழங்குடி மக்களின் மண். அவர்களோடு எந்த நில ஒப்பந்தமும் செய்யாமலே சாலை போட்டார்கள். 1864இல் நிலத்துறைத் தலைவரான டிரட்ச், பின்னாளில் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலங்களையும் வெட்டிக் குறைத்தார். இதை விட்டுவிட்டு வெறும் பாறையையும் பாலத்தையும் மட்டும் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.