எதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல?

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மதுரையின் முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) ஆட்சேபணை சொல்ல 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி குறைந்தது 2 மாத அவகாசம் உண்டு. சரி, எதைப் பார்த்துச் சொல்வது? திட்ட வரைபடத்தைப் பெரிதாக்கினால் சர்வே எண்ணே கலங்கிப் போகிறது! கிராமம், சர்வே எண், உட்பிரிவு இல்லாத மனுவை யார் மதிக்கிறார்கள்? வேலை நாளில், பட்டப்பகலில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் நாற்று நடுகிறவர் எப்படி வருவார்?

வயிறு எரிவது கண்மாயை நினைத்துத்தான். வரைபடத்தில் கண்மாய்க்கு நீலம் பூசிவிட்டு, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைக் குடியிருப்பு மஞ்சளில் அடித்தால் அது எப்படிப் பெருகும்? கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் ஓடையில் மனை போட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். கண்மாய் நிலத்தில் உயர் நீதிமன்றக் கிளையே எழுந்த உலகனேரியைப் பார்த்தபிறகுமா இது? மனு கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக நகலில் ஒரு சீல் வைத்துத் தரக்கூட அவ்வளவு யோசனை!