ஃபால்ஸ் சீலிங் போட்டால் நூலகம் நவீனமாகிவிடுமா?

போன மாதம் நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். நூலகத்தைப் 'புதுப்பித்து' விட்டார்கள். எழுபதுகளில் கட்டியது, மேற்குப் பக்கம் முழுக்க கான்கிரீட் ஜாலி, அதாவது காற்றும் வெளிச்சமும் வர ஓட்டை ஓட்டையாக விட்ட சுவர், மூன்று மணிக்கு மேல் மேசையில் சின்னச் சின்னக் கட்டமாக வெயில் விழும், அந்தக் கட்டங்களை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். இப்போது அதன் மேல் நீல நிற ஏசிபி ஷீட், கடை முகப்புகளில் ஒட்டுவார்களே, அந்த அலுமினியப் பலகை. உள்ளே ஃபால்ஸ் சீலிங், பட்டப்பகலில் எல்இடி விளக்கு. சரி, லேப்டாப் சார்ஜ் போட பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டால் தூணுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காட்டுகிறார்கள். எதற்காகச் செலவு செய்தார்களோ அது மட்டும் நடக்கவில்லை.

அகமதாபாத் ஐஐஎம் நூலகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்தது. பூச்சே இல்லாத செங்கல் சுவர், பெரிய பெரிய வளைவுகள், கண் கூசும் வெயிலை வெளியிலேயே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் யோசனை. அங்கேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை. செங்கல்லுக்குள் வைத்த கம்பி துருப்பிடித்தது. துரு ஏறினால் கம்பி வீங்கும், வீங்கினால் சுற்றியிருக்கும் செங்கல்லைப் பிளந்துகொண்டு வரும். போதாததற்கு 2001 குஜராத் பூகம்பம் வேறு. ஆனால் அவர்கள் ஷீட் வைத்து மூடவில்லை. கட்டடக் கலைஞர் பிருந்தா சோமையாவின் நிறுவனம் போய், எந்தச் செங்கல் போச்சு, எது தேறும் என்று பார்த்துப் பழுதுபார்த்தது, இன்றைய மாணவர்களுக்கு ஏற்றபடி உள்ளேயும் வேலை செய்தது. 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அடுத்த வருடம் டிசம்பரிலேயே அதே வளாகத்தில் 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப் போவதாக நிர்வாகம் சொன்னது. உலகம் முழுக்கக் கட்டடக் கலைஞர்கள் கத்தியதில் 2021 ஜனவரி 1 அன்று அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். 2022 நவம்பரில் மறுபடி, சீரமைப்பை நிறுத்திவிட்டுச் சில கட்டடங்களைத் திரும்பக் கட்டப் போவதாக அறிவிப்பு. மாணவர் தலையில் செங்கல் விழுமோ என்ற பயம் நியாயமானது, அதை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் பழைய கட்டடம் என்றாலே ஒன்று இடி, இல்லை மூடு என்று கை போவதைத்தான் தாங்க முடியவில்லை.

என்னைக் கேட்டால் நூலகத்துக்கு இன்று வேண்டியது ரொம்பக் கொஞ்சம்: மேசைக்கு மேசை பிளக், நல்ல வைஃபை, நாலு பேர் உட்கார்ந்து சத்தமாகப் பேச ஒரு கண்ணாடி அறை, சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப் பாதை, ஒழுகாத மொட்டை மாடி. இதில் எதற்குமே ஜாலியை மறைக்கத் தேவையில்லை. வெளிச்சம் ஏற்கெனவே இருந்தது ஐயா, அதைக் காசு கொடுத்து அடைத்துவிட்டு, இப்போது கரண்ட் பில்லும் கட்டுகிறோம்.

கிளம்பும்போது பழைய அட்டெண்டர் அண்ணனிடம், ஜாலியை உடைச்சிட்டாங்களா என்று கேட்டேன். "இல்ல தம்பி, ஷீட்டுக்குப் பின்னாடி அப்படியே இருக்கு. புறா கூடு கட்டியிருக்கு" என்றார். அப்படியென்றால் ஸ்குரூவைக் கழற்றினால் போதும்.