கொல்சிசின் கேட்டால் ஆட்டிறைச்சியைப் பற்றிப் பேசாதீர்கள்

கடந்த வாரம் எல்லோருடைய பக்கத்திலும் ஓடிய அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். கொல்சிசின் என்பது கௌட் என்ற மூட்டு நோயின் வலியை ஆற்றுகிற குளிசை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. "கொல்சிசின் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் ஆட்டிறைச்சியையும் கள்ளையும் விடட்டும், பிறகு மருந்து தேடலாம்" என்று ஒரு மருந்துக் கடைக்காரர் சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அதைப் பகிர்ந்தவர்களில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குக் கௌட் இருக்கிறது, அதாவது யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிந்து வீங்கி வலிக்கிற நோய். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து சைவம், எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. இரத்த அழுத்தத்துக்காகப் பல வருடங்களாக நீர் போகும் குளிசை எடுக்கிறார். சிறுநீரகமும் முன்னைப் போல இல்லை. உடம்பு வெளியேற்றும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் போகிறது. அது தளர்ந்து, நீர்க் குளிசையும் சேர்ந்தால், கீரையும் சோறும் சாப்பிடுகிறவருக்கும் பெருவிரல் வீங்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். 2018 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, யூரிக் அமில அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ கால்வாசி என்றும், எந்த ஓர் உணவின் பங்கும் ஒரு வீதத்தைத் தாண்டவில்லை என்றும் சொன்னது. சிரித்தவர்கள் இதைத் தேடி வாசிக்கலாம்.

ஆனால் அம்மா சைவம் என்பதற்காக அவருக்கு மட்டும் மருந்து தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவரின் வலியும் வலிதான். சீனியை விட்டுவிட்டு வா, பிறகு இன்சுலின் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? கௌட் நோயாளிக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம்?

"அலோபியூரினோல் கிடைக்கிறதே, அது போதாதா" என்று ஓர் அண்ணை உட்பெட்டியில் கேட்டிருந்தார். நல்ல மனத்தோடு கேட்டார், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். அலோபியூரினோல் யூரிக் அமிலத்தைக் குறைக்கிற மருந்து. வந்த வலியை அது ஆற்றாது. அதைத் தொடங்குகிற முதல் மாதங்களில், மூட்டுக்குள் படிந்த பளிங்குகள் கரையும்போது வலி அடிக்கடி கிளம்பும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, மூன்று முதல் ஆறு மாதம் வரை கொல்சிசினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கொல்சிசின் கிடைக்காவிட்டால், "இந்தக் குளிசை போட்ட பிறகுதான் வலி கூடியது" என்று நோயாளி அலோபியூரினோலையும் நிறுத்திவிடுகிறார். அம்மாவும் நிறுத்தினார். போன வருடம் நல்லூர்த் தேரன்று அவரால் காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. மெல்லிய சேலைத் தலைப்புக் காலில் பட்டாலே கத்தினார்.

வலிக் குளிசை போடச் சொல்வார்கள். டைக்லோபினாக் அவருடைய சிறுநீரகத்துக்கு ஆகாது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை போடச் சொல்வார்கள். அவருக்கு நீரிழிவும் இருக்கிறது, சீனி எகிறும். மாற்று மருந்து இருக்கிறது என்று சொல்வது சுலபம். அது யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் தொடங்கி திருநெல்வேலி, கொக்குவில், சுன்னாகம் வரை டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டோடு அலைந்தேன். சில கடைகளில் துண்டை முழுதாக வாசிக்காமலே தலையாட்டினார்கள். ஒரு கடையில் மட்டும், அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மிச்சம் இருந்த கொஞ்சக் குளிசைகளைச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தந்தார்கள். காலாவதித் திகதி அச்சிட்டிருந்த பக்கம் ஏற்கெனவே வேறு யாரிடமோ போய்விட்டது. அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவில்லை. மாதத்தில் ஓரிருவர் கேட்கிற, இலாபம் சொற்பமான மருந்தை அவர் ஏன் வாங்கி அடுக்குவார்? சிக்கல் மேலே தொடங்குகிறது. இலங்கையில் நாம் விழுங்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. வருகிற ஒவ்வொன்றும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவாக வேண்டும். பதிவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதான நாடு இது. ஆனால் பதிவுக்கும் கப்பலுக்கும் டொலருக்கும் செலவழித்து, மலிவான பழைய குளிசையைச் சின்னச் சந்தைக்குக் கொண்டுவர எந்த இறக்குமதியாளருக்கு ஆசை வரும்? 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது மருந்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மலிவான மருந்து என்பதால்தான் அது கிடைக்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன், கொல்சிசின் கிடைக்காததற்குக் காரணம் யாருடைய கறிச்சட்டியும் அல்ல. அதை விற்று யாருக்கும் பெரிய காசு வராது என்பதுதான்.

காசு வரும் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே 2009 வரை ஒரு கொல்சிசின் குளிசை பத்துச் சதத்துக்கும் குறைவு. அந்த வருடம் ஒரு நிறுவனம் புதிதாக அங்கீகாரம் பெற்றது. அடுத்த வருடம் அங்கீகாரம் இல்லாத மற்றக் கொல்சிசின் குளிசைகளை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. விலை ஐந்து டொலரை நெருங்கியது. பல நூற்றாண்டுகளாக மனிதன் அறிந்த மருந்து இது. அங்கே விலையால் எட்டாமல் போனது, இங்கே கடையிலேயே இல்லை.

இன்னொருவர் கருத்துப் பெட்டியில், கார்த்திகைக் கிழங்கை அவித்துக் குடித்தால் போதும், நம் முன்னோருக்குத் தெரியாததா என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அழித்துவிடுங்கள். வேலியில் பூக்கிற கார்த்திகைப் பூச்செடியில் கொல்சிசின் இருப்பது உண்மை. தமிழ்நாட்டில் திண்டுக்கல் பக்கம் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் குளிசையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு. கிழங்கு ஆளைக் கொல்லும். அதைத் தின்று இந்த நாட்டில் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். மூலப்பொருள் எங்கள் வேலியில் படர்கிறது, மருந்து எங்கள் கடையில் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளிநாட்டில் ஆள் இல்லையா, அனுப்பச் சொல்லுங்கள்" என்பவர்களுக்கு: இருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற மச்சாள் அனுப்புகிறேன் என்றுதான் சொன்னாள். கனடாவில் மச்சாள் இல்லாதவர் என்ன செய்வார்? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அப்பாவின் ஆஸ்துமாக் குளிசைக்குக் கொழும்பிலிருந்து வருகிறவரை எதிர்பார்த்துக் கிடந்தோம். 2006 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டியபோதும் அதே கதை. அப்போது தடை இருந்தது. இப்போது தடை எதுவும் இல்லை. கொழும்புக்கு இரவு பஸ் ஓடுகிறது, ரயில் ஓடுகிறது. ஆனாலும் மருந்துக்கு ஆள் பிடிப்பதை நாம் இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். அதனால்தான் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

காணொளி போட்ட தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். உங்களிடம் இல்லாத மருந்தை யார் யார் கேட்டு வருகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்துக் கடைகளும் எழுதட்டும். சேர்த்துக் கேட்டால் விநியோகத்தர் ஒரு பெட்டியாவது அனுப்புவார். அதைக் காணொளியாகப் போடுங்கள், நானே பகிர்கிறேன்.

அம்மாவிடம் இப்போது இருப்பது அடுத்த கிழமை வரைக்கும்தான் காணும். வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம் எந்தக் கடையிலாவது கொல்சிசின் 0.5 மில்லிகிராம் இருப்பதைக் கண்டவர்கள் கடையின் பெயரைக் கீழே எழுதுங்கள். துண்டு என்னிடம் இருக்கிறது. சாப்பாட்டு ஆலோசனை யாரும் எழுத வேண்டாம்.