பாதை வரவில்லை

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். என் சிறுகதையை வாசித்தாராம். "கடைசியில பாதை இன்னும் வரலைன்னு முடிச்சீங்களே, என்ன ஒரு படிமம் சார்!" என்றார். நானும் வெட்கமில்லாமல் நன்றி சொல்லி வைத்தேன்.

படிமமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் திருகோணமலைப் பக்கம் ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்குப் பெயரே பாதைதான். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கு அதில்தான் போனோம். பலகை பாவிய தட்டையான தளம். காலுக்குக் கீழே தண்ணீர் சளசளக்கும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வருகிற ஆளெல்லாம் "பாதை வரேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே வந்து சேரும். என் கதைநாயகன் வாழ்க்கையில் வழி தெரியாமல் தவிக்கவில்லை ஐயா, தங்கச்சி கலியாணத்துக்குப் பிந்திவிட்டான்.

அடிக்குறிப்புப் போட்டிருக்கலாமே என்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கதைக்குள் ஒரு சொல் என்ன சொல்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்கிற சொற்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். "பாதையில் ஏற்றிய மாடு தண்ணீரைப் பார்த்து மிரண்டது" என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி வைத்திருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திராது. வைக்காதது என் பிழை. நண்பர் வாசித்த கதை நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

அதே கதையில் "கங்கை பெருகிவிட்டது" என்றும் எழுதியிருந்தேன். கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற மகாவலியை இங்கே கங்கை என்றுதான் சொல்வோம். நல்ல காலம், அவர் காசிக்குப் போகவில்லை.

ஆனால் எங்கள் ஊருக்குள்ளேயும் அந்தச் சொல் பழையபடி இல்லை. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் ஓடிய இன்னொரு பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். கச்சான் கொறித்தபடி நின்ற என் பாதையை அதற்குப் பிறகு அப்படியே எழுத முடியவில்லை.

இப்போது எழுதுகிற கதையில் ஒரு வரி இருக்கிறது: "மணி அடிக்கப்போகுது என்று பிள்ளைகள் பாதைக்கு ஓடினார்கள்." சென்னை நண்பர் இதைத் தெருவுக்கு ஓடியதாகத்தான் வாசிப்பார். கிண்ணியாவில் ஒரு தாய் இதை வாசித்தால்? மூன்று வாரமாக அடுத்த வரி எழுதாமல் வைத்திருக்கிறேன்.